காலாவதி

என் அக்கா மகன் ஒரு ராத்திரி ஒரு அதிகாரியிடம் 'ஸாரி ஸார்' என்று சொன்னான். அந்த இரண்டு வார்த்தைகளைப்பற்றி எழுத உத்தேசம். சொல்ல அவசியமே இல்லாத இடத்தில் சொல்லப்பட்டவை அவை. அவனிடத்தில் நான் இருந்திருந்தாலும் அவற்றையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் எட்டு மாதமாக என்னைவிட்டுப் போக மறுக்கின்றன.

இடம், டெக்ஸஸ் மாநிலத்தின் தென்கோடி. மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவன் ஆராய்ச்சி மாணவன். அங்கிருந்து வடக்கே போகிற பெரிய சாலைகள் இரண்டு. 77ஆம் எண் சாலையில் ஸரீட்டா என்ற சிற்றூருக்குத் தெற்கிலும், 281இல் ஃபால்ஃபூரியஸ் ஊருக்குத் தெற்கிலும் எல்லைக்காவல் படையின் நிரந்தரச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. எல்லையைவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வந்தபிறகு வருபவை இவை. எல்லையைத் தாண்டாதவனும், பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்தவனும்கூட வடக்கே போகவேண்டுமானால் அங்கே நின்றுதான் போகவேண்டும். ஒரு நாட்டுக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவது என்கிற சாதாரணக் காரியம் அந்தப் பகுதியில் இன்னொரு முறை நாட்டுக்குள் நுழைவது போல ஆகிவிடுகிறது.

ஹ்யூஸ்டன் போகிற பஸ் ஸரீட்டா சாவடியில் நின்றது. பச்சைச் சீருடையில் இருவர் ஏறினார்கள். ஒவ்வொரு இருக்கையாக 'நீங்கள் அமெரிக்கப் பிரஜையா?' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். இவன் இல்லை என்றான், மாணவன் என்றான், பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். அதிகாரி பக்கங்களைப் புரட்டி விசா ஒட்டியிருந்த இடத்தில் நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் தேதியைப் பார்த்து, 'இது காலாவதியாகிவிட்டதே' என்றார். அப்போதுதான் இவன் 'ஸாரி ஸார்' என்றான். பிறகு மடியில் வைத்திருந்த உறையிலிருந்து மற்றக் காகிதங்களை எடுத்துக் கொடுத்தான். அதிகாரி வாங்கிப் பார்த்தார். நாலைந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆக முகாந்திரமும் இல்லை. இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. விசா காலாவதியானால் ஆளும் காலாவதியாகிவிட்டதாகவே நம் நண்பர்களில் பலர் நினைக்கிறார்கள் – அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் உள்பட.

விசா என்பது உள்ளே இருப்பதற்கான அனுமதி அல்ல. கதவைத் தட்டுவதற்கான அனுமதி. வெளியுறவுத் துறையின் தூதரகம் அதைக் கொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கி, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வேறொரு அதிகாரியின் முன்னால் நின்றால், அவர் உள்ளே விடலாம், விடாமலும் இருக்கலாம். விட்டுவிட்டால் அத்தோடு விசாவின் வேலை தீர்ந்தது. அதன்பின் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. முன்பு பாஸ்போர்ட்டில் செருகிவைக்கும் ஒரு சிறு அட்டையாக இருந்தது; 2013 முதல் விமானத்திலும் கப்பலிலும் வருபவர்களுக்குக் கணினியில் இருக்கிறது, வேண்டியபோது அச்செடுத்துக்கொள்ளலாம். சுற்றுலாவுக்கு வந்தவருக்கு அதில் ஒரு தேதி போட்டிருக்கும். மாணவனாக, எஃப்-1 விசாவில் வந்த இவனுக்குத் தேதி இல்லை. அதற்குப் பதில் 'டி/எஸ்' என்று இரண்டு எழுத்துகள். டியூரேஷன் ஆஃப் ஸ்டேட்டஸ். மாணவன் என்கிற ஸ்திதி நீடிக்கும்வரை என்று அர்த்தம். அந்த ஸ்திதிக்குச் சாட்சியாகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்று மூன்றாவதாக ஒரு காகிதம். இவனுடைய விசா 2019இல் ஐந்து வருஷத்துக்குக் கொடுக்கப்பட்டது, 2024இல் முடிந்தது. மற்ற இரண்டும் உயிரோடு இருந்தன. இந்த நிலையில் நாட்டுக்குள் அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ரயிலில், விமானத்தில், பஸ்ஸில். 1952ஆம் வருஷத்துக் குடிவரவுச் சட்டம், பதினெட்டு வயது கடந்த அயலவர் தம் பதிவுக் காகிதத்தை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்கிறது. வைத்திருந்தான்.

எனக்கு அந்த 'டி/எஸ்' மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு சர்க்கார் காகிதத்தில் தேதி இருக்கவேண்டிய கட்டத்தில் ஒரு ஸ்திதி உட்கார்ந்திருக்கிறது. இன்ன தேதிவரை என்று சொல்லவில்லை. நீ எதுவாக வந்தாயோ அதுவாக இருக்கும்வரை இரு என்கிறது. மனிதனைப்பற்றி அதிகாரம் சொல்லக்கூடியவற்றில் இது கொஞ்சம் நாகரிகமானது என்று நினைக்கிறேன். நெடுநாள் தாங்குமா என்பது வேறு விஷயம். 2025 ஆகஸ்டில் இந்த இரண்டு எழுத்துகளை எடுத்துவிட்டு, அதிகபட்சம் நான்கு வருஷம் என்று தேதி போட ஒரு விதியை அந்தத் துறை முன்மொழிந்தது. அதே வருஷம் ஜூலையில் நைஜீரியா, எத்தியோப்பியா, கேமரூன் நாட்டினர் பலருக்கு விசாவையே மூன்று மாதம், ஒரே ஒரு நுழைவு என்று சுருக்கினார்கள். மூன்று மாத விசாவோடு ஆகஸ்டில் வந்து இறங்குகிற ஒரு நைஜீரிய மாணவனுக்குத் தன் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் விசா முடிந்துபோகும். அவன் அங்கே படிக்கிற நாலைந்து வருஷமும், நண்பனைப் பார்க்கப் போவது, வேலைக்கு நேர்முகம் போவது எல்லாமே, காலாவதியான விசாவோடு செய்யும் பயணம்தான். விதிவிலக்கு என்று நாம் நினைப்பதுதான் பலருக்கு அன்றாடம்.

நான் பாங்க் குமாஸ்தா. காலாவதி என்பது என் தொழில். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் (2012 ஏப்ரலுக்கு முன் ஆறு மாதம்) அதற்கு நாங்கள் பணம் தருவதில்லை. 'ஸ்டேல்' என்று திருப்பிவிடுவோம். ஆனால் செக் செத்ததால் கடன் சாவதில்லை. கொடுக்கவேண்டியவன் கொடுக்கவேண்டியவனாகவே இருக்கிறான். இதற்கும் ஒரு படி மேலே போகலாம். கடனே மூன்று வருஷம் தாண்டிவிட்டால், இடையில் கடன்காரரிடம் ஒப்புகைக் கையெழுத்து வாங்கியிருந்தாலொழிய, கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அப்போதும் சட்டத்தின் பார்வை என்னவென்றால், பரிகாரம்தான் போயிற்று, உரிமை போகவில்லை என்பது. பி.ஏ.யில் மூன்று வருஷம் ஆங்கிலக் கவிதை படித்தேன்; அங்கே கேட்ட எதுவும் இந்த வாசகத்தின் அளவுக்கு என்னை உலுக்கியதில்லை. உரிமை ஒரு இடத்தில் இருக்கிறது. அதை நிரூபிக்கும் அல்லது நிறைவேற்றும் சாதனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு ஆயுள்.

இந்த ஒப்புமையை மருமகனிடம் போனில் பெருமையோடு சொன்னேன். கேட்டுக்கொண்டான். 'செக்கு பேங்க்ல திரும்பி வந்தா, கொண்டுவந்தவர் உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாரா மாமா?' என்றான். கேட்கமாட்டார். சண்டை போடுவார். ஒப்புமை அங்கே உடைந்துவிட்டது. செக் ஒருவன் கையில் இருக்கும் பொருள். விசா அப்படியல்ல, அதில் அவன் முகம் ஒட்டியிருக்கிறது. முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தேதி அச்சடித்திருந்தால், அந்தத் தேதி முகத்துக்கு என்றே பார்க்கிறவனுக்குத் தோன்றும். முகத்துக்குச் சொந்தக்காரனுக்கும் தோன்றிவிடுகிறது என்பதுதான் விபரீதம்.

1976இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்தச் சாவடிகளைப்பற்றித் தீர்ப்பளித்தது. மார்ட்டினெஸ்-ஃபுயர்ட்டே வழக்கு என்று பெயர். எல்லையிலிருந்து 66 மைல் உள்ளே இருந்த கலிஃபோர்னியாவின் ஸான் க்ளெமெண்ட்டே சாவடியும், நான் சொல்லும் இதே ஸரீட்டா சாவடியும் அதில் சம்பந்தப்பட்டவை. குறிப்பிட்ட ஆள்மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமலேயே நிறுத்தி, சுருக்கமாகக் கேள்வி கேட்கலாம் என்றது பெரும்பான்மை. நீதிபதி ப்ரென்னனும் மார்ஷலும் உடன்படவில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் ஒன்றுதான் என்னை நிறுத்தியது. சட்டப்படி பயணம் செய்கிறவர்களுக்கு இதனால் ஏற்படும் கலக்கமும் அச்சமும், நடுவழியில் ரோந்து வண்டி மறித்தால் ஏற்படுவதைவிடக் கணிசமாகக் குறைவு என்று எடை போடுகிறார்கள். நிரந்தரமான இடம், விளக்கு வெளிச்சம், மற்ற வண்டிகளையும் நிறுத்துகிறார்கள். எனவே பயம் குறைவு. குற்றமற்றவனுக்கும் பயம் உண்டு என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதைத் தராசில் ஏற்றி, இத்தனை இருக்கலாம், பரவாயில்லை என்று அனுமதித்திருக்கிறது. நிரபராதியின் பயத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு என்று ஒன்று உண்டு என்பது எனக்குப் புதிய தகவல். எங்கள் கவுண்ட்டரிலும் அப்படி ஒரு அளவு இருக்கவேண்டும், யாரும் எழுதிவைக்கவில்லை.

(இது தெற்கின் சமாசாரம் மட்டும் அல்ல. எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் நூறு மைல் என்பது அவர்கள் விதிகளில் 'நியாயமான தூரம்'. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் அதற்குள் அடக்கம். வடக்கே பஃபலோ, ரோச்செஸ்டர் பக்கம் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி விசாரிப்பது பல வருஷம் நடந்தது. உத்தரவு இல்லாமல் தன் பஸ்களில் ஏறிச் சோதிக்க இனிச் சம்மதமில்லை என்று க்ரேஹவுண்ட் கம்பெனி 2020இல்தான் அறிவித்தது.)

'இது காலாவதியாகிவிட்டதே' என்று அதிகாரி சொன்னது உண்மை. அதற்கு மருமகன் சொல்லக்கூடிய பதில்கள் என்னென்ன? 'ஆமாம்' என்றால், வார்த்தையளவில் உண்மை. ஆனால் ராத்திரி, பஸ்ஸுக்குள், நாற்பது பேர் பார்க்க, அந்த 'ஆமாம்' உணர்த்துவது 'ஆமாம், நான் இங்கே இருக்கக்கூடாதவன்' என்பதை. அது பொய். 'இல்லை, செல்லும்' என்றால், அவன் ஸ்திதியைப் பொறுத்தவரை உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. வார்த்தையளவில் பொய், அதிகாரியிடம் பொய் சொல்வது அங்கே தனிக் குற்றம். சரியான பதில் ஒன்று இருக்கிறது: விசா நுழைவதற்கு, நான் எப்போதோ நுழைந்தாகிவிட்டது, இப்போது பார்க்கவேண்டியது வேறு காகிதம். இந்த உண்மைக்குத் துணைவாக்கியங்கள் வேண்டியிருக்கின்றன. துணைவாக்கியம் உள்ள உண்மையைச் சொல்ல, கேட்பவனுக்குக் கொஞ்சம் பொறுமை இருக்கவேண்டும். சொல்பவனுக்கு இன்னொருவர் பாஷையில் நடுங்காத குரல் வேண்டும். காண்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கதவைத் தட்டி அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று வாதிடுகிறார். கேலிக்கு ஆளான வாதம். ஆனால் காண்ட்டின் பிரச்னை ஒரு வகையில் சௌகரியமானது. அங்கே வார்த்தையும் உண்மையும் ஒரே பக்கம் நிற்கின்றன. கஷ்டமெல்லாம் அதைச் சொல்வதால் விளைவதில்தான். இந்த பஸ்ஸில் வார்த்தை ஒரு பக்கமும் உண்மை இன்னொரு பக்கமும் நிற்கின்றன, நடுவில் ஒரு டார்ச் வெளிச்சம். 'ஸாரி' என்பது இந்த இரண்டுக்கும் நடுவே அவன் கண்டுபிடித்த சந்து. அது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, எதையும் நிறுவவில்லை. சொன்னவனை மட்டும் ஒரு அடி கீழே இறக்கிவிடுகிறது.

அவனே இதை மறுத்தான். 'அய்யோ மாமா, இங்க ஸாரிங்கிறது பெரிய வார்த்தையே இல்ல. கால் பட்டாக்கூடச் சொல்வோம்' என்றான். பாதி ஒப்புக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அவனே, 'ஆனா அன்னிக்கு அப்படிச் சொல்லல' என்றான்.

அவன் ஏன் அந்த பஸ்ஸில் இருந்தான் என்று இன்னும் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் என் அம்மா இறந்துபோனாள். அவனை ஏழு வயசுவரை வளர்த்தவள். அவன் வரவில்லை; வர முடியவில்லை. காலாவதியான விசாவின் முழு ஸ்வரூபமும் இங்கேதான் தெரிகிறது. உள்ளே இருக்கும்வரை மூவாயிரம் மைல் நீளத்துக்கு எங்கே வேண்டுமானாலும் திரியலாம். வெளியே ஒரு அடி வைத்துவிட்டால், திரும்பி வரப் புதிய விசா வேண்டும். மாணவர்கள் அதை உள்ளே இருந்தபடி புதுப்பித்துக்கொள்ள வழி இல்லை. தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் கிடைத்து, அங்கே சரி என்று சொல்லி, ஆராய்ச்சி பாதியில் நிற்காமல் திரும்ப வேண்டும். அந்த வருஷம் மே, ஜூனில் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்முகங்களையே மூன்று வாரம் நிறுத்திவைத்திருந்தார்கள். போனால் திரும்பலாமா என்று அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. பாட்டியை வீடியோவில் பார்த்தான். என் அக்கா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை ஆடியது, நெருப்பு வைக்கும்போது யாரோ வாங்கி அணைத்துவிட்டார்கள்.

ஹ்யூஸ்டனில் எங்கள் சித்தி மகள் இருக்கிறாள். அம்மாவைத் தெரிந்த ஒரே ஆள், அந்தக் கண்டத்தில். அவள் வீட்டில் போய் உட்கார்ந்து அழலாம் என்று மூன்றாம் நாள் பஸ் ஏறினான். பாட்டி செத்ததற்குப் போகவேண்டிய பயணத்துக்குப் பதிலாகப் போன பயணம் அது. அதில்தான் அந்தத் தேதியை டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

அவன் இருக்கும் ஊரிலிருந்து மெக்ஸிகோ ஒரு பாலம். விதிகளில் ஒரு விசித்திரமான பிரிவு உண்டு: மெக்ஸிகோவுக்கோ கனடாவுக்கோ முப்பது நாளுக்கு உட்பட்டுப் போய்வரும் மாணவனுக்கு, வேறு நிபந்தனைகள் சரியாக இருந்தால், காலாவதியான விசாவே திரும்பி நுழையும் கணத்தில் செல்லுபடியானதாகக் கருதப்படும். ஈரானியர் போன்ற சிலருக்கு இந்தச் சலுகை கிடையாது, இந்தியனுக்கு உண்டு. செத்த விசா பாலத்தின் மேல் ஒரு நிமிஷம் எழுந்து உட்கார்ந்து, ஆளை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளும். ஆக, சாவென்றும் வாழ்வென்றும் இங்கே சொல்வதெல்லாம் நாம் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. கருதுவது ஒன்றுதான் இருக்கிறது. கருதுவது என்றால் கருதுகிற ஒருவர் வேண்டும். அவர் மனசு மாறலாம். 2025 வசந்தத்தில் மாறியது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் ஒரே மூச்சில் முடிக்கப்பட்டன. பலர் விஷயத்தில் காரணம் எப்போதோ நடந்த சிறு போக்குவரத்துத் தவறு, அல்லது தள்ளுபடியான வழக்கு. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், நீதிபதிகள் தடைபோட்டார்கள், ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திரும்ப உயிர்ப்பிப்பதாக சர்க்கார் சொன்னது. விசா வேறு, ஸ்திதி வேறு என்று நான் மேலே இவ்வளவு தெளிவாக விளக்கினேனே, அந்தத் தெளிவை அவர்களே ஒரு மாதம் கலைத்துப்போட்டிருந்தார்கள். அந்த ஏப்ரலைப் பார்த்த மாணவன் செப்டம்பரில் 'ஸாரி' சொன்னால், அவனுக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா? சட்டம் தெரிந்ததால் சொன்னான் என்றும் சொல்லலாம்.

இதையெல்லாம் ஒரு கவிஞ நண்பரிடம் சொன்னபோது அவர் எரிச்சல்பட்டார். 'உன் மருமகன் அஞ்சு நிமிஷம் பயந்தான். அதுக்கு ஒரு கட்டுரையா?' ஃபால்ஃபூரியஸ் சாவடி இருக்கும் ப்ரூக்ஸ் கவுண்ட்டியில், சாவடியைச் சுற்றிக்கொண்டு மேய்ச்சல் நிலங்கள் வழியாக நடந்து போகிறவர்கள் வெயிலிலும் தாகத்திலும் செத்துக் கிடப்பதை அவர் சொன்னார். 2012இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட உடல்கள் அந்த ஒரு கவுண்ட்டியில் எடுக்கப்பட்டன. பலருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. அதற்குப்பின் அவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. 'அவன் ஸாரி சொல்லியிருக்கக்கூடாதுன்னு நீ துடிக்கறே. அப்ப ஸாரி சொல்லவேண்டியவங்க வேற யாரோ இருக்காங்கன்னு உனக்குள்ள ஒரு நினைப்பு.'

பதில் சொல்லவில்லை. அந்த வாரம் மருமகனிடம் அந்த ராத்திரியைப்பற்றி மறுபடி கேட்டேன். முதல் இரண்டு தடவை சொல்லாத ஒன்றை இந்தத் தடவை சொன்னான். இவனுக்கு இரண்டு இருக்கை முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துணிப்பை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். அவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள்; பஸ் அவள் இல்லாமல் கிளம்பியது. இவன் காகிதங்களைக் கொடுக்கும்போது 'ஐ ஆம் லீகல்' என்றும் சொல்லியிருக்கிறான். உரக்க. 'அவ காதுல விழுந்திருக்கும் மாமா' என்றான்.

என் விளக்கமெல்லாம், அந்த மூன்று காகிதங்களும் செக்கும் கடனும் எல்லாமே, அந்த 'ஐ ஆம் லீக'லின் விரிவுரைதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. அது பொய் அல்ல. அவன் சட்டபூர்வமானவன்தான். ஆனால் அந்த உண்மை அந்த பஸ்ஸில் ஒரு வேலை செய்தது, இருக்கைகளைப் பிரித்தது. 'ஸாரி' சொன்னபோது அவன் தன்னைக் காட்டிக்கொடுத்தான். அடுத்து சொன்னபோது யாரை? நண்பர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேராக என்னால் போக முடியவில்லை. அதற்காக, வேறுபாடே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். வேறுபாடு இருக்கிறது, மருமகனுக்கு அது ஆறு வருஷ உழைப்பு. வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பதற்கும், அதன் பின்னால் ஒளிந்துகொள்வதற்கும் இடையில் எத்தனை தூரம் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நம் பத்திரிகையில் காஃப்காவை இழுக்காமல் ஒரு கட்டுரை முடிவதில்லை என்று ஒரு கேலி உண்டு. நானும் இழுக்கிறேன், ஒரே ஒரு காரணத்துக்காக. 'விசாரணை' நாவலின் யோசெஃப் கே. பாங்க் உத்தியோகஸ்தன். அவனைக் கைது செய்த அன்றைக்கே வேலைக்குப் போகவும் விடுகிறார்கள். தன் வழக்கை நினைத்து உருகிக்கொண்டே அவன் பாங்கில் உட்கார்ந்திருக்கும்போது, அவனைப் பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் வெளியே காத்துக்கிடக்கிறார்கள். நாவலைப்பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

போன மாசம் எங்கள் கிளைக்கு ஒரு கிழவி வந்தாள். நூறு நாள் வேலைக் கூலி வரும் கணக்கு. கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை என்று கணக்கு முடங்கியிருந்தது. நான் பாஸ்புக்கை வாங்கித் திருப்பிப் பார்த்து, 'இது தேதி முடிஞ்சுபோச்சே' என்றேன். அவள் உடனே கையைக் கூப்பி, 'தப்புத்தான் சாமி, தெரியாமப் போச்சு' என்றாள். பிற்பகலில் கட்டுகளைத் தேடியபோது அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்த நகல்கள் கிடைத்தன. எங்கள் பக்கம் ஏற்றாமல் விட்டுப்போயிருந்தது. பணம் அவளுடையது, காகிதமும் கொடுத்தாகிவிட்டது, தவறு எங்களுடையது. மறுநாள் கணக்கைச் சரிசெய்து பணத்தைக் கொடுத்தபோது, 'அடுத்த தடவை பாத்துக்குங்க' என்று அவளிடம் சொன்னேன். நகல் கிடைத்ததைச் சொல்லவில்லை. அவள் திரும்பவும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஸரீட்டா அதிகாரிக்கு விசாவுக்கும் ஸ்திதிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்குமா என்று மருமகன் என்னை ஒரு தடவை கேட்டான். தெரிந்துதான் இருக்கும், தெரிந்ததால்தான் ஐந்து நிமிஷத்தில் விட்டார். பின் ஏன் 'காலாவதியாகிவிட்டதே' என்றார்? அவர் மனசில் ஒன்றுமே இருந்திருக்காது என்று என்னால் சொல்ல முடியும். பக்கத்தைத் திருப்பினால் கண்ணில் படுகிற தேதியை வாய்விட்டுப் படிப்பது ஒரு வழக்கம்; நானே ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிறேன். எதிரில் இருக்கும் முகத்தில் அதைக் கேட்டதும் ஏற்படுகிற ஒரு சின்ன மாற்றத்தையும் முப்பது தடவை பார்க்கிறேன். அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்காமல் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மருமகன் கூப்பிட்டான். சிக்காகோவில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்திருக்கிறார்களாம். விமானத்தில் போகவேண்டும், பள்ளத்தாக்கின் விமான நிலையங்களிலும் எல்லைக்காவல் படையினர் நின்று காகிதம் பார்ப்பதுண்டு. 'போலாமா மாமா?' என்றான். மூன்று காகிதங்களின் ஆயுளையும் கரைத்துக் குடித்தவன் நான். என் வாயிலிருந்து முதலில் வந்தது, 'அவசியம் போகணுமாடா?'

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று என்றான்.